இரண்டு பேரும் ஒன்றுதானா? ஃபுளோரிடாவின் தமிழ் வாக்காளர்களுக்கு ஒரு திறந்த மடல்

டாம்பா
அக்டோபர் 26, 2014, ஞாயிற்றுக்கிழமை

அன்பான உறவுகளே,

நேற்று தீபாவளி விழாவில் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தோம். எனக்கு முன்னால் நின்ற தம்பியிடம், "கவர்னர் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டாச்சா?" என்று கேட்டேன். போன வருடம்தான் குடியுரிமை வாங்கியவர். "இல்லக்கா. ரெண்டு பேரும் ஒண்ணுதானே. யாரு வந்தா நமக்கென்ன?" என்றார். பின்னால் நின்ற நாலைந்து பேர் தலையாட்டினார்கள். ஒருவர், "அவரு கட்சி மாறி, இவரு பணக்காரரு, அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். அதற்குள் வரிசை நகர்ந்து, தட்டில் எலுமிச்சை சாதம் விழுந்து, பேச்சு குழந்தைகள் ஆடிய நடனத்துக்குப் போய்விட்டது. எனக்கு அந்தப் பேச்சு மனசை விட்டுப் போகவில்லை. ராத்திரி வெகுநேரம் தூக்கம் வராமல் கிடந்துவிட்டு, காலையில் எழுந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

இது குடியுரிமை வாங்கி, வாக்காளர் அட்டையும் வாங்கி, அதை ஏதோ ஒரு டிராயரில் போட்டு வைத்திருக்கும் நம்மவர்களுக்கான மடல். எந்தக் கட்சிக்குப் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. கவர்னர் பதவிக்கு மோதும் ரிக் ஸ்காட், சார்லி கிரிஸ்ட் "ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்ற அந்த ஒரு வாக்கியம் தப்பு. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

முதலில் ஒரு விஷயம். திருச்சியில் இருக்கும் என் அம்மாவிடம் போனில் சொன்னபோது, "கவர்னருக்கு எலெக்‌ஷனா? அவரை டெல்லியில இருந்துதானே அனுப்புவாங்க?" என்று கேட்டார்கள். நம்மில் பலருக்கும் அடிமனதில் அந்த ராஜ்பவன் படம்தான் இருக்கிறது. இங்கே அப்படி இல்லை. இங்கே கவர்னர் என்றால் ஊரில் முதலமைச்சர் மாதிரி. மாநில பட்ஜெட்டில் ஒவ்வொரு வரியாக வெட்டும் அதிகாரம் அவருக்கு உண்டு. சட்டசபை போட்ட சட்டத்தைத் தடுத்து நிறுத்தலாம். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு நீதிபதியை நியமிக்கலாம். இன்னொரு அதிகாரமும் உண்டு, அதை நம்மில் அதிகம் பேர் கவனித்திருக்க மாட்டோம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தத் தடவை நமக்கு வாய்த்திருப்பது அபூர்வமான தேர்தல். குடியரசுக் கட்சியின் ரிக் ஸ்காட் 2011 ஜனவரியிலிருந்து கவர்னர். அவரை எதிர்த்து நிற்கும் சார்லி கிரிஸ்ட், 2007 ஜனவரியிலிருந்து ஸ்காட் வரும்வரை அதே நாற்காலியில் இருந்தவர். கல்யாணத்துக்குச் சமையல்காரர் பிடிக்கப் போனால், அவர் எப்படிச் சமைப்பாரோ என்று நாலு பேரிடம் விசாரிப்போம். இங்கே விசாரிக்கவே வேண்டாம், இரண்டு பேர் கைப்பக்குவத்தையும் நாம் நாலு நாலு வருடம் சாப்பிட்டுப் பார்த்தவர்கள். யார் என்ன வாக்குறுதி கொடுக்கிறார் என்பதை விட்டுவிட்டு, அதே அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு யார் என்ன செய்தார் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். சாதாரணமாக எந்த வாக்காளருக்கும் இப்படி வாய்ப்பதில்லை.

ஆனால் டிவியைப் போட்டால் இது எதுவும் தெரிவதில்லை. இரு தரப்பும் சேர்ந்து பத்துக் கோடி டாலருக்கு மேல் கொட்டியிருக்கிறார்கள், பெரும்பாலும் ஒருவரை ஒருவர் திட்டும் விளம்பரத்துக்கு. 15ஆம் தேதி டேவி என்ற ஊரில் நடந்த விவாதத்தை நாடே பேசியது. கிரிஸ்ட் தான் நின்று பேசும் மேஜைக்குக் கீழே ஒரு சின்ன மின்விசிறி வைத்திருந்தார், அது விதிக்கு விரோதம் என்று ஸ்காட் சில நிமிடங்கள் மேடைக்கே வரவில்லை. அன்றைக்கு அவர்கள் வேறு என்ன பேசினார்கள் என்று கேட்டால் யாருக்கும் ஞாபகமில்லை. பார்த்துவிட்டு மனசு வெறுத்துப்போவது எனக்கும் புரிகிறது.

இருவர் மேலும் குறை உண்டு, அதை நான் மறைக்கவில்லை. கிரிஸ்ட் குடியரசுக் கட்சிக்காரராகக் கவர்னர் ஆனார், 2010இல் சுயேச்சையாக செனட்டுக்கு நின்று தோற்றார், 2012 கடைசியில் ஜனநாயகக் கட்சியில் சேர்ந்தார். மூன்று சட்டை. ஸ்காட் தலைமை அதிகாரியாக இருந்து விலகிய மருத்துவமனை நிறுவனம், அரசாங்கத்துக்குப் பொய்க் கணக்கு எழுதிய வழக்கில் பிற்பாடு 170 கோடி டாலர் கட்டியது. நல்லதும் உண்டு. ஸ்காட் வந்தபோது 11 சதவீதத்தை ஒட்டி இருந்த வேலையில்லாத் திண்டாட்டம் இப்போது 6 சதவீதத்துக்கு அருகில் வந்திருக்கிறது. சிறு வயதில் பெற்றோர் கூட்டிவந்த, குடியேற்றக் காகிதம் இல்லாத பிள்ளைகளும் இங்கேயே உயர்நிலைப் பள்ளி படித்திருந்தால் உள்ளூர்க் கட்டணத்தில் கல்லூரி படிக்கலாம் என்ற சட்டத்தில் இந்த ஜூனில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். வரி, பள்ளிக்கூடம், காப்பீடு என்று மற்ற விஷயங்களில் உங்கள் கருத்து ஒரு பக்கமாகவும் என் கருத்து இன்னொரு பக்கமாகவும் இருக்கலாம். அதில் நான் நுழையவில்லை.

நான் பேச நினைப்பது ஓட்டைப் பற்றி மட்டும். யார் ஓட்டுப் போடலாம், எத்தனை நாள் போடலாம், யார் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரத்தில் நிற்கிறார்கள்.

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒருவர் இருக்கிறார். ஏசி ரிப்பேர் பார்ப்பவர். ஆகஸ்ட் மாத வெயிலில் எங்கள் வீட்டு ஏசி நின்றபோது ராத்திரி ஒன்பது மணிக்கு டார்ச் லைட்டோடு வந்து கம்ப்ரஸர் பக்கத்தில் மண்டி போட்டு உட்கார்ந்தவர். வாலிப வயதில் போதைப்பொருள் வழக்கில் சிக்கித் தண்டனை பெற்றவர். யாரையும் அடிக்கவில்லை, எதையும் திருடவில்லை. சிறை முடிந்து, அதற்கப்புறம் நன்னடத்தைக் காலமும் 2011 மே மாதத்தில் முடிந்தது. 2012 தேர்தல் அன்று நான் சட்டையில் "ஓட்டுப் போட்டேன்" என்ற ஸ்டிக்கரோடு கார் விட்டு இறங்கியபோது, அவர் தன் வேன் பக்கத்தில் நின்றிருந்தார். "ஒரு நிமிஷம் காட்டுங்க" என்று கேட்டு, குனிந்து அந்த ஸ்டிக்கரைப் பார்த்தார். "நான் இதை ஒரு தடவைகூட ஒட்டிக்கிட்டதில்லை" என்றார். அப்போதுதான் எனக்கு முழுக்கதையும் தெரிந்தது.

ஃபுளோரிடாவில் பெருங்குற்றம் என்று தீர்ப்பாகிவிட்டால் ஓட்டுரிமை போய்விடும். இன்றைய 2014 விதிப்படி, தண்டனை முடிந்தாலும் தானாகத் திரும்பி வராது. அடிமை முறை ஒழிந்த கையோடு எழுதிய 1868 அரசியல் சட்டத்திலிருந்து வரும் விதி அது. அதைத் திருப்பிக் கொடுக்கும் அதிகாரம் கவர்னரும் மூன்று மாநில அமைச்சர்களும் உட்காரும் கருணை வாரியத்திடம் இருக்கிறது. கவர்னர் ஒப்புக்கொள்ளாமல் அங்கே ஒன்றும் நடக்காது. நான் மேலே சொன்ன அந்த இன்னொரு அதிகாரம் இதுதான்.

2007 ஏப்ரலில் கிரிஸ்ட் இந்த விதியை மாற்றினார். வன்முறை இல்லாத குற்றம், தண்டனை முடிந்தது, கொடுக்க வேண்டிய நஷ்ட ஈட்டையும் கொடுத்தாகிவிட்டது என்றால், விசாரணை இல்லாமலேயே உரிமை திரும்பும். வாரியத்தில் ஒருவர் எதிர்த்தார், மூன்றுக்கு ஒன்று என்று நிறைவேறியது. இதில் ஒரு விஷயம் எனக்கு ஆச்சரியம். இந்தக் கிரிஸ்ட்தான் 1990களில் மாநில செனட்டராக இருந்தபோது கைதிகளைச் சங்கிலியில் பிணைத்து வேலை வாங்க வேண்டும் என்று வாதாடி, "சங்கிலிக் கும்பல் சார்லி" என்று பெயர் வாங்கியவர். மனிதர் எதனால் மாறினார் என்று நான் ஆராயப் போவதில்லை. அவருடைய நாலு வருடத்தில் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் உரிமை திரும்பியது.

ஸ்காட் பதவிக்கு வந்து இரண்டே மாதம். 2011 மார்ச் 9 அன்று வாரியம் கூடி அந்த விதியை எடுத்துவிட்டது. இனிமேல் தண்டனை முழுக்க முடிந்த பிறகு ஐந்து வருடம் காத்திருந்துதான் மனுவே போடலாம், கடுமையான குற்றம் என்றால் ஏழு வருடம், அதற்கும் மேல் மாநிலத் தலைநகர் டல்லஹாசியில் நேரடி விசாரணை. உரிமை வேண்டும் என்றால் அதற்குத் தகுதியானவர் என்று நிரூபிக்கட்டும், பாதிக்கப்பட்டவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் தரப்பு வாதம். அந்த வாதத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்த நாலு வருடத்தில் உரிமை திரும்பியவர்கள் இரண்டாயிரத்தைக்கூடத் தொடவில்லை. ஒன்றரை லட்சம் எங்கே, இரண்டாயிரம் எங்கே? ஃபுளோரிடாவில் ஓட்டுரிமை இழந்து நிற்பவர்கள் சுமார் 15 லட்சம் பேர். பெரும்பாலோர் தண்டனையை முடித்து, வேலைக்குப் போய், வரி கட்டிக்கொண்டிருப்பவர்கள். கறுப்பின மக்களில் வயது வந்தவர்களை எடுத்தால் ஐந்தில் ஒருவருக்கு மேல்.

எங்கள் தெருக்காரர் மனுப் போடவே 2016 மே வரை காத்திருக்க வேண்டும். ஒரு வருடம் முன்னால் அவருடைய காலம் முடிந்திருந்தால் கதை வேறு. அவரிடம் போய், "ரெண்டு கவர்னரும் ஒண்ணுதான்" என்று சொல்ல நம்மில் யாருக்கு மனசு வரும்?

சரி, அது அவர்கள் கதை, நாம் குற்றம் செய்யவில்லையே என்று தோன்றலாம். நம் கதைக்கு வருகிறேன்.

2012 நினைவிருக்கிறதா? அந்த வருடம் மாநில அரசு, குடிமக்கள் அல்லாதவர்கள் வாக்காளர் பட்டியலில் இருக்கிறார்கள் என்று சொல்லித் தேட ஆரம்பித்தது. எதை வைத்துத் தேடினார்கள் என்பதுதான் நாம் கவனிக்க வேண்டியது. டிரைவிங் லைசென்ஸ் ஆவணத்தை வைத்து. நாம் எல்லாரும் முதல் லைசென்ஸ் எடுத்தது எப்போது? விசாவில் இருக்கும்போது. விசா முடியும் தேதியில் லைசென்ஸும் காலாவதியாகும், ஒவ்வொரு தடவையும் பாஸ்போர்ட், விசாத் தாள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் அடுக்கிக்கொண்டு கவுன்ட்டரில் போய் நிற்போமே, அந்த ஆவணம். அப்புறம் கிரீன் கார்டு வந்தது, அப்புறம் குடியுரிமை வந்தது. ஆனால் லைசென்ஸ் அலுவலகக் கணினியில் நீங்கள் இன்னும் அந்நியர்தான். குடியுரிமை வாங்கியவர்கள் சந்தேகப் பட்டியலில் வந்து விழுந்தது இப்படித்தான். முதலில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் பெயர் என்றார்கள். அது சுருங்கி, சுமார் 2,700 பெயர்களைக் கவுண்டி (ஊரில் மாவட்டம் மாதிரி) தேர்தல் அலுவலகங்களுக்கு அனுப்பினார்கள். நீ குடிமகன்தான் என்று நிரூபி, இல்லாவிட்டால் பெயர் போய்விடும் என்று பலருடைய வீட்டுக்குக் கடிதம் போனது. இரண்டாம் உலகப் போரில் சண்டை போட்டுப் பதக்கம் வாங்கிய, புரூக்ளினில் பிறந்த 91 வயதுப் பெரியவருக்கும் ஒன்று போனது. தேர்தல் அதிகாரிகள் பலர் பட்டியலை நம்ப முடியவில்லை என்று கைவிட்டார்கள். கடைசியில் நீக்கப்பட்டவர்கள் நூறு பேர்கூட இல்லை. தேர்தலுக்கு 90 நாளுக்குள் இப்படிச் செய்தது மத்தியச் சட்டத்துக்கு விரோதம் என்று இந்த ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அடுத்த பட்டியல் வராது என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. வந்தால் அதில் விழப்போவது நம்மைப் போன்ற பெயர்கள்தான்.

குடியுரிமை உறுதிமொழி எடுத்த நாளை நினைத்துப் பாருங்கள். எனக்கு 2010 பிப்ரவரியில். கையில் சின்னக் கொடி, கண்ணில் ஏனோ தண்ணீர். மண்டபத்து வாசலில் வயதான இரண்டு பெண்கள் மடக்கு மேஜை போட்டு உட்கார்ந்து, "வாழ்த்துகள், இதை நிரப்பிக் கொடுங்கள்" என்று வாக்காளர் படிவத்தை நீட்டினார்கள். அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வருடம் ஸ்காட் கையெழுத்துப் போட்ட தேர்தல் சட்டம், அப்படி வாங்கிய படிவங்களை 48 மணி நேரத்துக்குள் ஒப்படைக்காவிட்டால் அபராதம் என்றது. முன்பு பத்து நாள் அவகாசம் இருந்தது. பெண் வாக்காளர் சங்கம் இங்கே படிவம் வாங்கும் வேலையையே நிறுத்திவிட்டது. நீதிமன்றம் அந்த 48 மணி நேர விதியைத் தடுத்த பிறகுதான் மீண்டும் தொடங்கினார்கள்.

அதே சட்டம் முன்கூட்டியே ஓட்டுப் போடும் நாட்களை 14இலிருந்து 8 ஆகக் குறைத்தது. அதன் பலனை 2012 நவம்பரில் பார்த்தோம். மயாமி பக்கம் ஆறு மணி, ஏழு மணி நேரம் வரிசை. யார் ஜனாதிபதி என்று முடிவு தெரிந்த பிறகும் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஹெய்ட்டியில் பிறந்து, வயதான காலத்தில் குடியுரிமை வாங்கிய 102 வயதுப் பாட்டி ஓட்டுப் போடப் போனபோது ஆறு மணி நேரம் ஆகும் என்றார்கள். அவர் விடவில்லை, சாயங்காலம் திரும்பி வந்து போட்டுவிட்டுத்தான் போனார். அடுத்த பிப்ரவரியில் ஜனாதிபதி உரையின்போது நாடாளுமன்றமே எழுந்து நின்று அவருக்குக் கைதட்டியது. வரிசை நீளுகிறதே, நேரத்தைக் கூட்டுங்கள் என்று கேட்டபோது ஸ்காட் மறுத்துவிட்டார். 2008இல் இதே நிலை வந்தது. அப்போது கவர்னராக இருந்த கிரிஸ்ட் அக்டோபர் 28 அன்று அவசர ஆணை போட்டு, ஓட்டுச் சாவடிகளை ஒரு நாளைக்கு 12 மணி நேரம் திறந்து வைக்கச் சொன்னார். அது எதிர்க்கட்சிக்குத்தான் லாபம் என்று தெரிந்தே செய்தார், தன் கட்சிக்குள்ளேயே பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நியாயமில்லை. 2012 அவமானத்துக்குப் பிறகு, 2013இல் முன்வாக்கு நாட்களைத் திரும்பக் கூட்டும் சட்டத்தில் ஸ்காட்டும் கையெழுத்துப் போட்டார்.

ஒரே நாற்காலி, ஒரே பேனா, ஒரே மாதிரி நெருக்கடி. ஒருவர் ஒரு பக்கம் கையெழுத்துப் போட்டார், இன்னொருவர் மறுபக்கம். நீங்கள் ஸ்காட் செய்தது சரி என்று நினைத்தாலும் பரவாயில்லை, அதற்காகவே போய் அவருக்குப் போடுங்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு, ஆனால் கோபம் இல்லை. ஒன்றுதான் என்று சொல்லி வீட்டில் உட்காராதீர்கள்.

இதை உங்களிடம் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், நானே உட்கார்ந்தவள். குடியுரிமை வாங்கிய அதே 2010, நவம்பர் தேர்தலில் நான் ஓட்டுப் போடவில்லை. அன்று ஆபீசில் ரிலீஸ், சாயங்காலம் பையனுக்கு நீச்சல் வகுப்பு, யார் நிற்கிறார்கள் என்றும் சரியாகத் தெரியாது. ஸ்காட், ஜனநாயகக் கட்சி வேட்பாளர் அலெக்ஸ் சிங்க்கைச் சுமார் 61,000 ஓட்டில் வென்றார். 50 லட்சத்துக்கு மேல் பதிவானதில் அது ஒரு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டிய வித்தியாசம். பதிவு செய்த வாக்காளர்களில் பாதிப் பேர்கூட அன்று வரவில்லை. நான்கு மாதம் கழித்துக் கருணை வாரிய விதி மாறியது. அந்த ஸ்டிக்கரை எங்கள் தெருக்காரர் குனிந்து பார்த்தபோது இந்தத் தேதிகள்தான் என் மண்டையில் ஓடின. நான் ஒருத்தி போட்டு ஒன்றும் மாறியிருக்காது. ஆனால் 2000இல் இதே ஃபுளோரிடாவில் 537 ஓட்டில் நாட்டின் ஜனாதிபதி முடிவானதை நாம் ஊரில் இருந்தே பேப்பரில் படித்தோம்.

இந்த ஏப்ரல் 24 அன்று திருச்சியில் அம்மா காலை ஏழு மணிக்கே ஓட்டுப் போடப் போய்விட்டார்கள். 74 வயது, முழங்கால் வலி, பள்ளிக்கூட வராந்தாவில் வரிசை. மத்தியானம் ஸ்கைப்பில் வந்ததும் முதல் வேலையாக விரலைக் கேமராவுக்குப் பக்கத்தில் நீட்டி மையைக் காட்டினார்கள். யார் வந்தால் நமக்கென்ன என்று அவர்கள் ஒரு தேர்தலிலும் சொல்லிக் கேட்டதில்லை. நம் எல்லார் வீட்டிலும் அப்படி ஒரு அம்மா, அப்பா, தாத்தா உண்டு. அவர்கள் பிள்ளைகள் நாம் இங்கே காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு ஓட்டுச் சாவடியைத் தாண்டிப் போகிறோம்.

இனி வேலைக்கு வருகிறேன். முன்வாக்கு இப்போதே நடக்கிறது. எல்லாக் கவுண்டியிலும் வரும் சனிக்கிழமை, நவம்பர் 1 வரை உண்டு, சிலவற்றில் ஞாயிறும் உண்டு. உங்கள் கவுண்டிக்குள் திறந்திருக்கும் எந்த முன்வாக்கு மையத்துக்கும் போகலாம். நவம்பர் 4 செவ்வாய்க்கிழமை என்றால் மட்டும் உங்களுக்கென்று ஒதுக்கிய சாவடிக்குத்தான் போக வேண்டும், காலை 7 முதல் மாலை 7 வரை. ஏழு மணிக்குள் வரிசையில் நின்றுவிட்டால் யாரும் திருப்பி அனுப்ப முடியாது. படமும் கையெழுத்தும் உள்ள அடையாள அட்டை போதும், லைசென்ஸோ பாஸ்போர்ட்டோ. தபால் ஓட்டு வாங்கி வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், தபால் முத்திரைத் தேதி கணக்கில்லை, அது செவ்வாய் மாலை 7 மணிக்குள் தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். உறைக்குப் பின்னால் கையெழுத்துப் போட மறக்காதீர்கள். ஓட்டுச் சீட்டு நீளமாக இருக்கும், கவர்னரோடு நீதிபதிகள், மருத்துவத்துக்குக் கஞ்சா, நிலம், நீர்ப் பாதுகாப்பு என்று அரசியல் சட்டத் திருத்தங்களும் வரும். மாதிரிச் சீட்டை முன்னாடியே ஒரு தடவை வீட்டில் உட்கார்ந்து படித்துவிட்டுப் போங்கள்.

அந்தச் சாப்பாட்டு வரிசைத் தம்பிக்கு ஒரு வார்த்தை. உங்கள் வீடு எங்கள் பக்கம்தான். புதன்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்கு நூலகத்துக்குப் போகிறேன், அங்கேதான் எங்கள் மையம். காரில் இன்னும் மூன்று பேருக்கு இடம் இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் கூட்டி வாருங்கள், நீங்கள் உள்ளே போகும்போது நான் வெளியே வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டாம்பா அக்கா